கடலில் எண்ணெய்: காரைக்கால் கரையிலிருந்து ஒரு கணக்கு

2023ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி இரவு. நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்றில் கசிவு ஏற்பட்டது. விடிவதற்குள் கரையோரத் தண்ணீர் கறுத்துவிட்டது. கடலுக்குப் போகக் கிளம்பிய மீனவர்களுக்கு முதலில் தெரிந்தது நிறம் அல்ல, நாற்றம். கண் எரிகிறது, தலை சுற்றுகிறது என்றார்கள். பனங்குடியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் சுத்திகரிப்பு ஆலைக்கும் கடற்கரைக்கும் இடையே போடப்பட்ட குழாய் அது.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். பட்டினச்சேரி என்ற பெயரில் இங்கே இரண்டு ஊர் உண்டு. ஒன்று நம் திருமலைராயன்பட்டினத்தை ஒட்டியது, புதுச்சேரி மாநிலம். இன்னொன்று நாகூரை ஒட்டியது, தமிழ்நாடு. கசிவு நடந்தது நாகூர்ப் பட்டினச்சேரியில். காரைக்காலிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். நடுவில் வாஞ்சூரில் எல்லை. சாராயக்கடை விலைக்கும் பெட்ரோல் விலைக்கும் அந்த எல்லை உண்டு. கடலுக்கு இல்லை. மாசி, பங்குனி மாதங்களில் இந்தக் கரையில் நீரோட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக ஓடும். நாகூரில் கொட்டியது வடக்கே எந்த ஊரைத் தேடி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் அந்தப் போராட்டத்தில் நாகை மீனவர்களும் காரைக்கால் மீனவர்களும் ஒன்றாக நின்றார்கள். குழாயை அடைத்தால் போதாது, பிடுங்கி எடுக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. படகுகள் கரையிலேயே கிடந்தன. அடைப்பு வேலை சில நாட்கள் நடந்தது. பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் குழாயை அகற்றிவிடுவதாக உறுதி அளிக்கப்பட்டது.

நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தச் சம்பவத்தைப் படித்தாலும் வரவு எங்கே, செலவு எங்கே என்று தேடுகிற புத்தி இன்னும் போகவில்லை. அந்த வாரம் பத்திரிகைகளை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். எத்தனை மீட்டர் குழாய், எத்தனை கிராமம், எத்தனை படகு என்று கணக்கு இருந்தது. எத்தனை மீன் குஞ்சு, எத்தனை பறவை என்று எங்கும் இல்லை. இந்தப் பதிவு அந்தக் காலி இடத்தைப் பற்றியது.

எண்ணெய் நம் ஊருக்கு வந்த கதை

எண்ணெய் என்னவோ நேற்று வந்து இறங்கிய விருந்தாளி என்று நினைக்க வேண்டாம். தமிழ்க் கரைக்கு அதன் முதல் பெரிய அறிமுகம் 1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசியபோது தீப்பிடித்து எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்தான். 'எம்டன்' என்ற சொல் தமிழில் தங்கிவிட்டது. எரிந்த எண்ணெயை எல்லோரும் மறந்துவிட்டோம்.

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்தியாவின் கைக்கு வந்தது. அடுத்த பத்து வருடத்தில், 1964இல், காவிரிப் படுகையில் எண்ணெய் தேடி முதல் ஆழ்துளைக் கிணறு தோண்டிய இடம் காரைக்கால். பிறகு 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993இல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. நிரவியில் ஓ.என்.ஜி.சி. அலுவலகம், அதைச் சுற்றிக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், கடைகள். திருமலைராயன்பட்டினத்தில் எரிவாயுவில் ஓடும் மின் நிலையம். 2009இல் வாஞ்சூரில் தனியார் துறைமுகம்.

இதனால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என்னுடன் படித்தவர்களில் சிலர் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்துத்தான் பெண்ணைக் கட்டிக் கொடுத்தார்கள், வீடு கட்டினார்கள். எண்ணெயே வேண்டாம் என்று நான் எழுதினால், அதை நீங்கள் படிக்கும் கைப்பேசிக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கேள்வி அதுவல்ல. வரவை எழுதிய புத்தகத்தில் செலவையும் எழுதினோமா என்பதுதான் கேள்வி.

பனங்குடி ஆலை 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அதே இடத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுள்ள புதிய ஆலை வரும் என்பது திட்டம். பழைய ஆலையின் திறன் 10 லட்சம் டன். 2023இல் குழாய் கசிந்தபோது ஆலை ஓடவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடாத ஆலையின் குழாயிலிருந்தும் எண்ணெய் கசியும்.

தண்ணீரில் விழுந்த எண்ணெய் என்ன செய்யும்?

கச்சா எண்ணெய் ஒரே பொருள் அல்ல, பல பொருள்களின் கலவை. கடலில் விழுந்ததும் முதலில் படலமாகப் பரவும். இலேசான பகுதி ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். நாற்றமும் கண் எரிச்சலும் அதனால்தான். மீதி அலையில் அடிபட்டுத் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டு களிபோலக் கெட்டியாகும். அளவு கூடும். பத்துக் குடம் கொட்டினால் அள்ளும்போது அதைவிட அதிகமாக இருப்பது இதனால்தான். அப்புறம் தார் உருண்டையாகிக் கரை ஒதுங்கும். கொஞ்சம் மணலுக்குள் இறங்கும். மேலே புது மணல் மூடிவிட்டால் கடற்கரை சுத்தமாகிவிட்டது என்று நாம் நினைப்போம். அடுத்த புயலில் கடல் மணலை அரித்தால் கறுப்பு வரி வெளியே தெரியும்.

இனி மீன். வளர்ந்த மீன்கள் எண்ணெய் வாடை பட்டதும் பெரும்பாலும் விலகி ஓடிவிடும். திறந்த கடலில் பெரிய மீன்கள் குவியல் குவியலாகச் செத்து மிதப்பது குறைவு. இதை வைத்துக்கொண்டு 'மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்லிவிடுவார்கள். அடி விழுவது வேறு இடத்தில். பல மீன்களின் முட்டை தண்ணீரின் மேல் மட்டத்தில் மிதக்கும். எண்ணெய்ப் படலமும் அங்கேதான். முட்டையும் பொரித்த குஞ்சும் ஓட முடியாது. எண்ணெயில் உள்ள சில நச்சுப் பொருள்கள் மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் முட்டைக்குள் உருவாகும் கருவின் இதயத்தைக் கோணலாக்குகின்றன என்று அலாஸ்கா விபத்துக்குப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. அப்படிப்பட்ட குஞ்சு உடனே சாகாது. வேகமாக நீந்த முடியாது. இரை பிடிக்காது, இரையாகிவிடும். எந்தக் கரையிலும் அதன் உடல் ஒதுங்காது. எந்தக் கணக்கிலும் வராது.

ஓட முடியாத இன்னொரு கூட்டம் கழிமுகத்தில் இருக்கிறது. அரசலாறு, திருமலைராஜனாறு, வெட்டாறு கடலில் சேரும் இடங்களில்தான் இறால் குஞ்சும், மடவையும், கொடுவாயும் சின்னதிலிருந்து வளர்கின்றன. சேற்றில் நண்டு, சிப்பி. சேற்றுக்குள் எண்ணெய் புகுந்துவிட்டால் கழுவ முடியாது. அங்கே காற்று குறைவு. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் வேலை செய்யக் காற்று வேண்டும். மணல் கரையில் ஓரிரு வருடத்தில் மறைவது சேற்றில் பத்து, இருபது வருடம் கிடக்கும்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காகத் தடை. நம் மீனவன் அந்த இரண்டு மாதம் வலையைப் பின்னிக்கொண்டு, நிவாரணத் தொகைக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எண்ணெய்க்கு எந்தத் தடைக்காலமும் கிடையாது.

சிறகின் கதை

பறவைக்கு நடப்பது வேறு விதம். கடற்பறவையின் சிறகை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், நம் சட்டைப் பையின் ஜிப் மாதிரி நுண்ணிய கொக்கிகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். தண்ணீர் உள்ளே போகாது. உள்ளே காற்று தங்கும். அந்தக் காற்றுதான் பறவையை மிதக்க வைக்கிறது, வெப்பத்தைக் காக்கிறது. எண்ணெய் பட்டால் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு கோப்பு குலைந்துவிடும். தண்ணீர் தோல் வரை போகும். உடம்பு கனக்கும், பறக்க முடியாது, முங்க ஆரம்பிக்கும்.

அப்போது பறவை என்ன செய்யும்? தினமும் செய்வதைத்தான் செய்யும். அலகால் சிறகைக் கோதும். எண்ணெய் வயிற்றுக்குள் போகும். குடல் புண்ணாகும், ஈரலும் சிறுநீரகமும் கெடும், இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பழக்கமே அதற்கு எமன். பிழைத்து, எண்ணெய் பட்ட வயிற்றோடு அடைகாக்க உட்கார்ந்தால், முட்டை ஓட்டில் ஒட்டும் ஒரு துளியிலும் குறைந்த எண்ணெய் உள்ளே இருக்கும் கருவைக் கொல்லப் போதுமானது.

நம் கரையில் குளிர் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், விறைத்துச் சாவது இங்கே குறைவு. ஆனால் மிதக்க முடியாமல் போவதற்கும், பட்டினி கிடப்பதற்கும், விஷம் ஏறுவதற்கும் வெயில் தடை இல்லை. அரசலாற்று முகத்துவாரத்தில் காலையில் நடந்தால் பார்க்கலாம். ஆலாக்கள் மேலேயிருந்து தண்ணீரில் பாய்ந்து மீன் எடுக்கும். நீர்க்காகம் முங்கும். செம்பருந்து மேலாக வாரிக்கொண்டு போகும். இவை எல்லாம் படலத்தை உடைத்துக்கொண்டுதான் இரை எடுக்க வேண்டும். உள்ளானும் உப்புக்கொத்தியும் தண்ணீருக்குள் போகாது. ஆனால் ஈர மணலில் அலகை விட்டுப் புழுவையும் சின்ன நண்டையும் எடுக்கும். மணலில் எண்ணெய் இருந்தால் அதையும் எடுக்கும்.

மாதமும் முக்கியம். இந்த உள்ளான் வகைகளில் பல வடக்கே வெகு தூரத்திலிருந்து குளிர்காலத்துக்கு வருபவை. மாசி, பங்குனியில் திரும்பிப் போகும் பயணத்துக்காக வயிறு முட்டத் தின்று கொழுப்பைச் சேர்க்கும். அந்தக் கொழுப்புதான் வழிச்செலவு. இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தெற்கே கோடியக்கரை. 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டிக் கணக்கு எடுக்கிறார்கள். ஆக, கணக்கெடுக்கவே முடியாது என்பதும் சரியல்ல.

அதே மாதங்களில்தான் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும். பெயரிலேயே மாதம் இருக்கிறது. ஆமை மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும். மேலே இருப்பது எண்ணெய்.

பிரான்ஸ் தந்த பாடம்

நம் ஊர்க்காரர்களுக்குப் பிரான்ஸ் என்றால் பென்ஷன், பாஸ்போர்ட், பாரிசில் இருக்கும் மாமா வீடு. அந்த நாட்டின் மேற்கு முனையில் பிரித்தானி என்று ஒரு மீனவப் பகுதி இருக்கிறது. எண்ணெய்க் கப்பல்களால் அந்தக் கரை பட்ட பாடு உலகத்தில் வேறெந்தக் கரையும் பட்டிருக்காது.

1967 மார்ச் 18. டோரி கேன்யன் என்ற டேங்கர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் பாறையில் மோதியது. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய். ஆங்கிலேயர்கள் கப்பலைக் கொளுத்திவிட விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். எண்ணெயைக் கரைக்க ஆயிரக்கணக்கான டன் சலவைக் கலவையைக் கொட்டினார்கள். பாறையோரத்துச் சிப்பி, நத்தைகளை எண்ணெயைவிட அந்தக் கலவைதான் அதிகம் கொன்றது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். எண்ணெய் கடலைக் கடந்து பிரித்தானிக்கும் வந்தது. அங்கே ஏழு தீவுகள் என்ற இடத்தில் இருந்த பஃபின் பறவைக் கூட்டம் அந்த வருடம் பெருமளவு அழிந்தது. பிரான்சின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1912இல் தொடங்கப்பட்டதே அந்தத் தீவுப் பறவைகளைச் சுட்டு வீழ்த்துவதைத் தடுக்கத்தான். துப்பாக்கியிலிருந்து காப்பாற்றியதை எண்ணெயிடம் தோற்றார்கள்.

1978 மார்ச் 16. அமோகோ காடிஸ். சுக்கான் பழுதாகி பிரித்தானியின் போர்சால் ஊருக்கு முன்னாலேயே பாறையில் ஏறியது. 2,20,000 டன்னுக்கு மேல் எண்ணெய், முழுவதும் கடலில். கரையில் பொறுக்கிய இறந்த பறவைகள் மட்டும் 4,000க்கு மேல். சிப்பிப் பண்ணைகள் நாசம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது. நம் ஊரில் இன்றும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்கிறோம் அல்லவா? அதே கொம்யூன்கள்தான் அங்கேயும். சின்னச் சின்ன மீனவக் கொம்யூன்கள் ஒன்று சேர்ந்து, ஊர் மேர்களைத் தலைமையாக வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் சிகாகோ நகர நீதிமன்றத்தில் போய் எண்ணெய்க் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். அல்போன்ஸ் அர்செல் என்ற மேர் முன்னால் நின்றார். வழக்கு 14 வருடம் நடந்தது. 1992இல் நஷ்ட ஈடு வாங்கினார்கள். ஆனால் கிடைத்தது சுத்தம் செய்த செலவுக்கும் மனிதர்கள் இழந்ததற்கும். செத்த பறவைக்கும் சேற்றுக்கும் தனியாக விலை எதுவும் இல்லை.

1999 டிசம்பர் 12. எரிக்கா. புயலில் இரண்டாக உடைந்தது. கொட்டியது சுமார் 20,000 டன் கனரக எரியெண்ணெய். அமோகோ காடிசில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எண்ணெய் பட்டுக் கரையில் சேகரிக்கப்பட்ட பறவைகள் 60,000க்கு மேல். அளவு குறைந்தால் சேதம் குறையும் என்ற கணக்கு பறவை விஷயத்தில் செல்லாது என்பதற்கு இதுவே சாட்சி. என்ன வகை எண்ணெய், எந்த மாதம், அப்போது பறவைகள் எங்கே கூடியிருந்தன என்பவைதான் முடிவு செய்கின்றன. குளிர்காலத்தைக் கழிக்க வந்த பறவைகள் நடுக்கடலில் உட்கார்ந்திருந்தபோது எண்ணெய் அவற்றைப் பிடித்தது.

இந்த முறை பறவைச் சங்கத்திடம் எண்ணிக்கை இருந்தது. வகைவாரியாக, கடற்கரைவாரியாக எழுதி வைத்திருந்தார்கள். 2008இல் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2012 செப்டம்பர் 25இல் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அதை உறுதி செய்தது. மனிதனுக்கு வந்த நஷ்டம் வேறு, இயற்கைக்கு வந்த நஷ்டம் வேறு, இரண்டுக்கும் ஈடு தர வேண்டும் என்பது சாரம். 2016இல் அது பிரெஞ்சு உரிமையியல் சட்டத்திலேயே ஏறியது. குவியலாகக் கிடந்த பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியவர்களின் நோட்டுப் புத்தகம்தான் அந்தச் சட்டத்துக்கு அஸ்திவாரம்.

அலாஸ்காவின் தாமதமான கணக்கு

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் கொட்டியது சுமார் 37,000 டன். கையில் கிடைத்த பறவை உடல்கள் 30,000க்கு மேல். செத்தவை 2,50,000 அளவில் இருக்கலாம் என்பது அறிஞர்களின் கணிப்பு. ஏன் இவ்வளவு வித்தியாசம்? பெரும்பாலானவை கடலிலேயே அமிழ்ந்துவிடும் அல்லது வேறு பிராணிகளால் தின்னப்பட்டுவிடும். கரையில் ஒன்று கிடந்தால் கடலில் பல.

மீன் விஷயத்தில் இன்னும் தாமதம். அங்கே ஹெர்ரிங் என்ற மீன், நம் மத்தி, சாளை மாதிரி கூட்டமாக வரும். விபத்துக்கு அடுத்த சில வருடங்களில் பாடு இருந்தது. நான்கு வருடம் கழித்து, 1993இல், கூட்டமே சரிந்தது. எண்ணெய்தான் முழுக் காரணமா, நோயும் சேர்ந்ததா என்று வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. ஆறு மாதத்தில் கணக்கை மூடுகிறவனுக்கு மீனின் நஷ்டம் கண்ணில் படாது.

(டோரி கேன்யன், அமோகோ காடிஸ், எக்ஸான் வால்டெஸ், நாகூர் நான்கும் மார்ச் மாதம். இதில் ஜோதிடம் எதுவும் இல்லை, தற்செயல்தான். ஆனால் பங்குனிக்கும் எண்ணெய்க்கும் என்ன பகையோ என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது.)

எண்ணூரும் இலங்கையும்

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பல் பி.டபிள்யூ. மேப்பிள், மற்றது எண்ணெய்க் கப்பல் டான் காஞ்சிபுரம். முதலில் எண்ணெய்க் கசிவு இல்லை என்றே செய்தி வந்தது. பிறகு கறுப்புக் குழம்பு கரையில் ஒதுங்கியது. மதிப்பீடு ஏறிக்கொண்டே போய் 200 டன்னை ஒட்டி நின்றது. உலகமே பார்த்த படம் உங்களுக்கும் நினைவிருக்கும்: மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வாளியால் எண்ணெயை அள்ளிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ராக்கெட் விடுகிற நாட்டில் வாளி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. கடலோரக் காவல் படை விமானத்திலிருந்து பார்த்தபோது படலம் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருந்தது. வெள்ளைக் கூழைக்கடாக்கள் பழுப்பும் கறுப்புமாகப் படகு விளிம்பில் உட்கார்ந்திருந்த படங்கள் வந்தன. வனத்துறையினர் பிடித்துக் கழுவ முயன்றார்கள். பறக்கத் தெம்பு இருக்கிற பறவை பிடி கொடுக்காது; பிடிபடும் நிலையில் உள்ளது பெரும்பாலும் பிழைப்பது கடினம். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சீர் செய்ய 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. குடும்பம் கணக்கில் ஏறியது, படகு ஏறியது. கூழைக்கடா ஏறவில்லை.

நமக்கு நேர் எதிரே நடக்காமல் போன ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பர் 3 அன்று நியூ டைமண்ட் என்ற டேங்கர் குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப்புக்குப் போகும் வழியில் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. உள்ளே சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெய். அமோகோ காடிசைவிட அதிகம். பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் இறந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல் படையும் நாட்கணக்கில் போராடித் தீயை அணைத்தன. சரக்கு எண்ணெய் கடலில் கொட்டவில்லை. கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நம் பக்கத்தில் யாரும் பேசியதாக நினைவில்லை. கொரோனா காலம், எல்லோருக்கும் வேறு கவலை. மறு வருடமே, 2021 மே மாதம், கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து, டன் கணக்கில் பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் கொட்டின. ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின.

மீன்காரம்மாவின் கணக்கு

2023 மார்ச்சில் நேரு மார்க்கெட்டில் நான் பார்த்தது இது. வழக்கமாக நான் மீன் வாங்கும் அம்மா கூடை நிறைய கானாங்கெளுத்தியோடு உட்கார்ந்திருந்தார். கூட்டம் இல்லை. என்னைப் பார்த்ததும், "அய்யா, மோந்து பாத்தே வாங்குங்க. இது வடக்கே கோட்டுச்சேரிமேட்டு மீனு. எண்ணெ பட்டது இல்ல" என்றார்.

"நான் கேக்கவே இல்லையேம்மா."

"நீங்க கேக்கல. காலைலேருந்து வந்தவங்க எல்லாரும் கேட்டுட்டு, வாங்காமப் போய்ட்டாங்க."

எண்ணெய் படாத மீனும் விற்கவில்லை. வதந்திக்கும் நீரோட்டம் உண்டு, அது எல்லாத் திசையிலும் ஓடும். அந்த அம்மா இழந்த ஒரு வார வியாபாரம் எந்தப் படிவத்திலும் இல்லை, ஏனென்றால் அவர் பெயரில் படகு இல்லை. பறவைக்கும் அவருக்கும் ஒரே கதி என்று அன்றைக்குத் தோன்றியது.

சட்டம் இருக்கிறது, நோட்டுப் புத்தகம் இல்லை

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதி செய்தது நம் பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில்தான். 2011 ஆகஸ்டில் மும்பைக்கு அப்பால் எம்.வி. ராக் என்ற நிலக்கரிக் கப்பல் மூழ்கி எண்ணெய் கசிந்தது. அந்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் கப்பல்காரர்களுக்கு 100 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது. கடலில் எண்ணெய் கொட்டினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று தேசியத் திட்டம் இருக்கிறது, பொறுப்பு கடலோரக் காவல் படைக்கு.

இல்லாதது ஒன்றுதான். சம்பவத்துக்கு முந்தைய நாள் அங்கே என்ன இருந்தது என்ற கணக்கு. கருவூலத்தில் தொடக்க இருப்பு என்போம். தொடக்க இருப்பு எழுதாத புத்தகத்தில் எவ்வளவு குறைந்தது என்று எந்த ஆடிட்டராலும் சொல்ல முடியாது. அரசலாற்று முகத்துவாரத்தில் மாசி மாதம் சராசரியாக எத்தனை ஆலா? வெட்டாற்றுச் சேற்றில் ஒரு சதுர அடிக்கு எத்தனை சிப்பி? திருமலைராயன்பட்டினக் கரையில் எத்தனை பங்குனி ஆமைக் குழி? இது தெரிந்திருந்தால்தான் 2023 மார்ச்சுக்குப் பிறகு எத்தனை குறைந்தது என்று கேட்க முடியும். பிரித்தானிக்காரர்கள் ஜெயித்தது அதனால்தான்.

இரண்டு மாம்பழத்தில் ஒன்று குறைந்ததற்கே கணக்குக் கேட்ட ஊர் இது. மாங்கனித் திருவிழாவில் வருடா வருடம் அதை நினைத்துக்கொள்கிறோம். கடலில் குறைந்ததற்கும் கேட்கலாம்.

செய்யக்கூடியது பெரிய காரியம் இல்லை. காரைக்காலில் கல்லூரிகள் இருக்கின்றன. விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் மாதம் ஒரு காலை முகத்துவாரத்தில் நின்று எண்ணினால் ஐந்து வருடத்தில் தொடக்க இருப்பு கிடைத்துவிடும். ஆமைக் குழிகளை மீனவக் கிராமத்துப் பிள்ளைகளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. எந்த மீன் எந்த மாதம் எவ்வளவு வந்தது என்பது கிராமப் பஞ்சாயத்தாரின் மனதில் இருக்கிறது. காகிதத்தில் வர வேண்டும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. எண்ணெய் பட்ட பறவையைக் கரையில் கண்டால் வீட்டுக்குக் கொண்டு வந்து சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். பயத்திலும் அலைச்சலிலும் அது செத்துவிடும். கழுவுவதற்கு முன் அதைத் தேற்ற வேண்டும், அது பயிற்சி உள்ளவர்கள் வேலை. காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில், இருட்டாக, அமைதியாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அலகு கண்ணைக் குத்தும், ஜாக்கிரதை. வெறுங்கையால் எண்ணெயைத் தொட வேண்டாம். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554.

கூடவே, எந்த நாள், எந்த இடம், என்ன பறவை, எத்தனை என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் எடுத்து வையுங்கள். என்றைக்காவது ஒரு நீதிபதி கேட்பார்.